கவர் பேண்டுக்கு ஜாஸ் பேஸா, பிரெசிஷனா? பிக்கப் மாற்றுவது பற்றி ஒரு விவாதம்

நாலுகம்பி:
எங்கள் கவர் பேண்டில் பேஸ் வாசிக்கிறேன். இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள். பழைய சோல், டிஸ்கோ, ஹார்ட் ராக், மெலடி என்று ஒரே கச்சேரியில் எல்லாம் வரும். கையில் இருப்பது ஃபென்டரின் ஜாஸ் பேஸ், கம்பெனியிலிருந்து வந்த சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப்கள்தான், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தங்கள்தான், இன்னும் இருக்கின்றன. வீட்டில் தனியாக வாசித்தால் அத்தனை தெளிவு. பேண்டோடு சேர்ந்ததும் என் சத்தம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. வால்யூமை ஏற்றினால் அடியில் குழப்பம் கூடுகிறதே தவிர எந்தச் சுரம் வாசிக்கிறேன் என்று கேட்பதில்லை. போதாததற்கு இரண்டு பிக்கப்பில் பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பிகள் முடிகிற பக்கம், இருப்பதை மட்டும் வைத்தால் ஹம் என்று ஓர் இரைச்சல். பிக்கப் மாற்றலாமா, அல்லது இதைக் கொடுத்துவிட்டு அதே ஃபென்டரின் ஒற்றை பிக்கப் பேஸான பிரெசிஷன் ஒன்று வாங்கிவிடுவதா?

அடிநாதம்:
பிரெசிஷன் வாங்குங்கள். நீங்கள் சொல்வது ஜாஸ் பேஸில் இருக்கிற இயல்பான குணம், பிக்கப் மாற்றி அதை முழுதாகப் போக்க முடியாது. இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் இரண்டும் ஒரே கம்பியை வெவ்வேறு இடத்தில் பிடிக்கின்றன. ஒரு சில ஹார்மோனிக்குகள் (சுரத்தோடு சேர்ந்தே எழும் மேல் அதிர்வுகள்) ஓரிடத்தில் மேலே போகும்போது இன்னோரிடத்தில் கீழே போகும், இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அது பெரும்பாலும் நடு அலைவரிசையில்தான் நடக்கிறது. தனியாகக் கேட்டால் அந்தப் பள்ளம் இனிமையாகவே இருக்கும், மேலே பளபளப்பு, கீழே கனம். ஆனால் பேண்டில் மேல்பகுதியைக் கிட்டாரும் சிம்பலும் எடுத்துக்கொள்கின்றன, கீழ்ப்பகுதி கிக் டிரம்முக்குப் போய்விடுகிறது. உங்களுக்கென்று மிச்சம் இருப்பது நடுப்பகுதி மட்டும்தான், அதை உங்கள் பிக்கப்பே வெட்டிவிடுகிறது.

பிரெசிஷனில் 1957-இல் வந்த பிரிந்த காயில் அமைப்பில் தடித்த ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு பாதி, மெல்லிய டி, ஜி கம்பிகளுக்கு இன்னொரு பாதி. ஒரு கம்பியை ஓரிடத்தில் மட்டும்தான் பிடிக்கிறது, அதனால் பள்ளம் கிடையாது. இரண்டு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் ஹம்மும் இல்லை. ஜேம்ஸ் ஜேமர்சன் மோடவுன் என்ற சோல் இசைக் கம்பெனியின் பாட்டுகளில் வாசித்தது 1962 மாடல் பிரெசிஷனில், ஃப்ளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பிகளோடு. அத்தனை வயலினும் கொம்புகளும் பாடகர்களும் சேர்ந்து ஒலிக்கும்போதும் அவருடைய ஒவ்வொரு சுரமும் காதில் விழுகிறதே!

கட்டைவிரல்:
பாதி உண்மையைச் சொல்லிவிட்டு பேஸையே விற்கச் சொல்வது நியாயமில்லை. பள்ளம் விழுவது இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால்தான். நெக் (கழுத்துப் பக்க) பிக்கப்பை முழுதாக வைத்துவிட்டு பிரிட்ஜின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் நடுப்பகுதி திரும்பி வரும். நெக்கை மட்டும் வைத்தால் பிரெசிஷனுக்குப் பக்கத்திலேயே போய்விடலாம். ஆனால் பிரெசிஷனிலிருந்து ஜாஸுக்கு வர வழியே கிடையாது. நாலுகம்பியின் பாட்டு வரிசையில் டிஸ்கோ இருக்கிறது, ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) வேண்டிய பாட்டு கட்டாயம் இருக்கும். மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் கேட்கிற அந்த மேல்நுனிச் சொடுக்கு ஒற்றை பிக்கப்பில் வருமா? ஜாகோ பாஸ்டோரியஸ் போல மூக்கால் பேசுகிற தொனி வேண்டுமென்றால் பிரிட்ஜ் பிக்கப் இல்லாமல் எங்கே போவது? கவர் பேண்டின் வேலையே கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டை அடையாளம் காட்டுவது. சில பாட்டுகளின் அடையாளமே பேஸின் தொனிதான்.

அடிநாதம்:
பிரிட்ஜை இறக்குங்கள் என்கிறீர்களே, இறக்கினால் ஹம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டவை, இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால்தான் ஹம் அடிபடும். ஒன்றைக் குறைத்த உடனே அந்தச் சமன் போய்விடுகிறது. டிம்மர் போட்ட மேடை விளக்குகளுக்குக் கீழே நின்று இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம் அடையாளம் பற்றி. கேட்பவர்கள் பேஸின் தொனியை வைத்துப் பாட்டை அடையாளம் காண்பதில்லை. எந்தச் சுரம், எந்த இடத்தில் நிறுத்தம், கிக்கோடு எப்படிப் பூட்டியிருக்கிறது, இதெல்லாம்தான் பாட்டு. ஸ்லாப் பாட்டை பிரெசிஷனில் சரியான தாளத்தில் வாசியுங்கள், யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதே பாட்டில் பேஸே கேட்கவில்லை என்றால் ஆடிக்கொண்டிருப்பவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

சுருதிபேதம்:
இருவரும் பாசிவ் (பாட்டரி இல்லாத) பேஸுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்ததே இந்தச் சிக்கலுக்கு ஒரு பதிலாகத்தான் என்று நான் நினைக்கிறேன். பிரிட்ஜ் பக்கம் ஒரு பெரிய ஹம்பக்கர் (ஹம்மை அடிக்கும் இரட்டைக் காயில் பிக்கப்), உள்ளேயே ப்ரீஆம்ப் என்ற பாட்டரியில் ஓடும் சிறு பெருக்கி. ஹம் இல்லை, விரல் வாசிப்பிலும் சுரம் தனித்து நிற்கும், ஸ்லாப்புக்கு லூயிஸ் ஜான்சன் ஒருவர் போதும் சாட்சிக்கு. நாலுகம்பி தன் ஜாஸ் பேஸை வைத்துக்கொள்ளவே விரும்பினால் இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்களைப் போடலாம். நீளமான கேபிள் போட்டால் பாசிவ் பிக்கப்பில் மேல் அலைவரிசை கொஞ்சம் மங்கும், ஆக்டிவில் அந்தக் கவலையும் இல்லை. பாட்டுக்குப் பாட்டு தொனி மாற்ற ப்ரீஆம்ப் நாப்கள் பேஸிலேயே இருக்கின்றன.

அடிநாதம்:
9 வோல்ட் பாட்டரியையும் சொல்லுங்கள். கேபிளைப் பிடுங்காமல் விட்டுவிட்டுப் போனால் பாட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஆக்டிவ் பேஸில் ஜாக்கில் செருகுவதுதான் சுவிட்ச். ஸ்டிங்ரே மாதிரி பாசிவ் வழி இல்லாத பேஸில் பாட்டரி தீர்ந்தால் சத்தம் கரகரத்து அப்படியே போய்விடும். பாட்டுக்கு நடுவில் இது நடந்தால் என்ன செய்வீர்கள்?

சுருதிபேதம்:
கச்சேரிக்கு முன் பாட்டரியை மாற்றுவேன். டிரம்மர் குச்சி உடைந்தால் என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை, கையோடு இன்னொன்று வைத்திருப்பார்.

ஒலிமேடை:
நான் பேஸ் வாசிப்பதில்லை, மிக்சர் பக்கம் உட்காருகிறவள். மூவரும் பிக்கப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், நாலுகம்பி சொன்ன முதல் வரியை யாரும் கவனிக்கவில்லை. பேண்டில் கீபோர்டு இருக்கிறது. கீபோர்டு வாசிப்பவரின் இடது கை என்ன செய்கிறது? தனியாக வாசித்துப் பழகியவர்கள் பேஸ் சுரத்தை இடது கையில் சேர்த்தே அழுத்துவார்கள், அது அவர்களுக்குப் பழக்கம். நீங்கள் வாசிக்கிற அதே ஸ்தாயியில் (ஆக்டேவில்) இன்னொருவர் அதே சுரத்தை, அதுவும் ஒரு துளி முன்னே பின்னே வாசித்தால், உலகத்தில் எந்த பிக்கப் போட்டாலும் உங்கள் சுரம் கேட்காது. அவரிடம் பேசுங்கள். இடது கையை ஓர் ஆக்டேவ் மேலே ஏற்றச் சொல்லுங்கள், இல்லை பேஸ் வரும் இடங்களில் எடுத்துவிடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது, வீட்டில் தனியாகக் கேட்டு தொனியை வைப்பதை நிறுத்துங்கள். தனியாகக் கேட்கும்போது காது இயல்பாகவே கனத்தையும் பளபளப்பையும் விரும்புகிறது, நடுவை வெட்டச் சொல்கிறது. பேண்டோடு வாசிக்கும்போது ஆம்பில் 250 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, 700, 800 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக, மூக்கடைத்தது போல இருக்கும், பொருட்படுத்தாதீர்கள். கூட்டத்தில் சுரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த இடம்தான். உங்கள் ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ், பெரும்பாலான சின்ன ஸ்பீக்கர்கள் அதைச் சரியாகத் தருவதே இல்லை. மனிதக் காது மேலே இருக்கிற ஹார்மோனிக்குகளை வைத்துத்தான் சுரத்தைக் கட்டிக்கொள்கிறது.

கட்டைவிரல்:
ஒலிமேடை சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அது அடிநாதத்தின் வாதத்தைத்தான் பலவீனப்படுத்துகிறது. நடுப்பகுதியை ஆம்பிலேயே சரிசெய்ய முடியும் என்றால் பிரெசிஷன் எதற்கு?

அடிநாதம்:
ஆம்பில் ஏற்றலாம், ஆனால் பிக்கப் அடித்துப்போட்ட ஹார்மோனிக்கை ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் நாப்கள்) எங்கிருந்து கொண்டுவரும்? இருப்பதைத்தான் பெரிதாக்க முடியும். அதோடு சேர்த்து ஹம்மும் பெரிதாகும். பேஸிலிருந்து வரும்போதே சரியாக வந்தால் ஒலிமேடை போன்றவர்களுக்கு வேலை மிச்சம். உங்களுக்குத் தெரியாத சவுண்ட் ஆள், தெரியாத ஆம்ப், ஐந்து நிமிட சவுண்ட் செக், கவர் பேண்ட் வாழ்க்கை அதுதான். அந்த நிலையில் ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரே பிக்கப் உள்ள பேஸ் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இரண்டு பாட்டுக்கு நடுவே நாப்களைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒலிமேடை:
அது உண்மை. பிரெசிஷன் கொண்டுவருகிறவர்களோடு எனக்குப் பெரிய தொல்லை இருந்ததில்லை. ஆனால் என்னைத் திணறடிப்பது ஜாஸ் பேஸ் அல்ல, பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்குகிற சத்தம். ஸ்லாப் வந்ததும் திடீரென்று எகிறுகிறது, அடுத்த மெல்லிய பாட்டில் காணாமல் போகிறது. இதில் ஆக்டிவ் பேஸ்காரர்கள்தான் முதல் குற்றவாளிகள், கீழ் அலைவரிசையை ஏற்றும் நாப்பை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து என் ஸ்பீக்கரை அழ வைப்பார்கள். ப்ரீஆம்பை நடுவில் வைத்து, விரலில் சமன் கொண்டுவாருங்கள்.

நாலுகம்பி:
எல்லோருக்கும் நன்றி. கீபோர்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அவர் இடது கை முழுக்க அடியில்தான் இருக்கிறது. ஹம்மைப் பற்றி ஒரு கேள்வி. ஹம் கேன்சலிங் ஜாஸ் பிக்கப் போட்டால் மொத்தமும் போய்விடுமா? இன்னொன்று, அதிக சுற்றுகள் உள்ள ஹாட் பிக்கப் போட்டால் பேண்டில் நன்றாகக் கேட்கும் என்று பலர் சொல்கிறார்கள்.

கட்டைவிரல்:
ஹாட் பிக்கப் வேண்டாம். சுற்று கூடக் கூடச் சத்தம் ஏறும், ஆனால் மேல் அலைவரிசை இறங்கிக்கொண்டே வரும். சத்தம்தான் வேண்டுமென்றால் ஆம்பில் நாப் இருக்கிறது.

ஹம்முக்கு முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்தால் அது சிங்கிள் காயில் காந்தப்புலத்தைப் பிடிக்கிற ஹம். அது மட்டும்தான் ஹம் கேன்சலிங் பிக்கப்பால் போகும். கம்பியைத் தொட்டதும் குறைகிற கரகரப்பு வேறு, அது ஷீல்டிங் (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதாததால் வருவது. அதற்கு உள்குழியில் செப்புத்தகடு ஒட்டி கிரவுண்டோடு இணைக்க வேண்டும், பிக்கப் மாற்றினாலும் அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கும். உங்களிடம் இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஹம் கேன்சலிங் போட்டாலும் ஒரு விலை உண்டு. ஒரே உறைக்குள் காயிலை மேலும் கீழுமாக அடுக்கியவற்றில் மேல்நுனிப் பளபளப்பு கொஞ்சம் மங்கலாம். பிரெசிஷன் மாதிரி ஈ, ஏ ஒரு பாதி, டி, ஜி இன்னொரு பாதி என்று பிரித்தவை எனக்குப் பிடிக்கும், தடிப்பாக இருக்கும். ஆனால் பழைய சிங்கிள் காயிலின் காற்றோட்டம் இரண்டிலும் முழுதாக வராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிக்கப்பே வாங்க மாட்டேன். ஒரு புஷ்-புல் பாட் (இழுத்தால், அழுத்தினால் சுவிட்சாகவும் வேலை செய்யும் நாப்) போட்டு சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக), பேரலல் (பக்கம் பக்கமாக) இணைப்பு மாற்றும் சுவிட்ச் வைத்துக்கொள்வேன். இப்போது இரண்டு பிக்கப்பும் பேரலலில் இருக்கின்றன. சீரிஸில் போட்டால் சத்தம் ஏறும், நடுப்பகுதி தடிக்கும், மேலே கொஞ்சம் மங்கும், எதிரெதிர்ச் சுற்று அப்படியே இருப்பதால் ஹம்மும் அடிபடும். ராக் பாட்டுக்கு இழுங்கள், ஸ்லாப்புக்கு அழுத்துங்கள்.

அடிநாதம்:
சீரிஸ் நல்ல யோசனைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் சீரிஸில் போட்ட ஜாஸும் இரண்டு இடத்தில் பிடிக்கிற ஜாஸ்தான், பள்ளத்தின் மேல் சதை போடலாமே தவிரப் பள்ளம் அங்கேயே இருக்கும். ஒரு நண்பரிடம் பிரெசிஷன் கடன் வாங்கி ஒரே ஒரு ஒத்திகையில் முழு வரிசையையும் வாசித்துப் பாருங்கள். ஸ்லாப் பாட்டு உட்பட. பிறகு முடிவெடுங்கள்.

சுருதிபேதம்:
கடன் வாங்குவதென்றால் ஒரு ஸ்டிங்ரேயையும் சேர்த்து வாங்குங்கள்.

ஒலிமேடை:
எதைக் கடன் வாங்கினாலும் ஒத்திகையை அறையின் மறுகோடியில் ஒரு போனை வைத்துப் பதிவு செய்யுங்கள், நிற்கிற இடத்தில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஆம்புக்கு முன்னால் நின்றால் முழங்காலுக்குத்தான் பேஸ் கேட்கும். அதற்கு முன் ஒரு திருப்புளியை எடுத்து பிக்கப் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு அளந்தால் ஈ பக்கம் 2.8 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2 மில்லிமீட்டர், ஜாஸ் பேஸுக்கு ஃபென்டரே சொல்கிற அளவு அது. அங்கிருந்து காதை வைத்து ஏற்றி இறக்குங்கள். ரொம்ப ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஆடும்.

நாலுகம்பி:
சரி, வரிசை இப்படி வைத்துக்கொள்கிறேன். முதலில் கீபோர்டுக்காரரிடம் பேச்சு, பிறகு பிக்கப் உயரம், செப்புத்தகடு. அடுத்த ஒத்திகைக்கு எங்கள் கிட்டாரிஸ்டின் உறவினரிடம் இருக்கிற பிரெசிஷனைக் கேட்டிருக்கிறேன், இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பதிவு செய்வேன். அதற்குப் பிறகும் ஜாஸ்தான் என்றால் சீரிஸ் சுவிட்ச். கட்டைவிரல், பாட் எந்த அளவு வாங்க வேண்டும்?

கட்டைவிரல்:
250 கிலோ ஓம், வால்யூமுக்கு ஏற்கெனவே இருப்பதே பெரும்பாலும் அதுதான். வயரிங் வரைபடத்தைப் பார்த்துச் செய்யுங்கள், சீரிஸுக்கு ஒரு பிக்கப்பின் கிரவுண்ட் வயரைத் தனியாகப் பிரித்து சுவிட்சுக்குக் கொண்டுவர வேண்டும், பலர் தவறுவது அங்கேதான். வழக்கமான வயரிங்கில் சீரிஸில் இருக்கும்போது ஒரு வால்யூம் நாப்தான் இரண்டுக்கும் வேலை செய்யும், மற்றது செயலிழந்துவிடும். அதைப் பார்த்து ஏதோ அறுந்துவிட்டது என்று மறுபடி பிரித்துவிடாதீர்கள்.