ஷாக் மாத்தின அப்புறம் ஸ்விஃப்ட் இடது பக்கம் சாயுது, உதவி தேவை

2014 ஸ்விஃப்ட் டீசல், 1.3 லட்சம் கிமீ ஓடிருக்கு. போன மாசம் காட்பாடி பக்கம் முன்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேல பாடியோட பிடிக்கறது), லோயர் ஆர்ம் புஷ் (வீலைப் பிடிக்கற கீழ் ஆர்மோட ரப்பர்) மாத்தினேன், ஸ்பிரிங் மட்டும் பழசு. அன்னைல இருந்து இடது முன்பக்கம் இறங்கி நிக்குது, சமதரையில வீல் நடுவுலேர்ந்து ஃபெண்டர் வரைக்கும் அளந்தா வலதை விட 18 மிமீ கம்மி. டயர் காத்து ரெண்டும் ஒண்ணுதான். அலைன்மெண்ட்டும் பண்ணியாச்சு, அதுல உயரம் மாறாதுன்னு காசு குடுத்த அப்புறம்தான் புரிஞ்சுது. ஸ்பிரிங்கை இடம் வலம் மாத்திப் போட்டும் அதே இடதுதான் இறங்குது. சத்துவாச்சாரில ஸ்பீட் பிரேக்கர் ஏறினா வலது பக்கம் டொக்குனு சத்தம் வேற. வலது லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கில தொங்கறப்பவே டைட் பண்ணாங்க, நானே பாத்தேன். அதனால அந்த ரப்பர் புஷ் முறுக்கி வலது பக்கத்தைத் தூக்கிப் பிடிக்குதோன்னு சந்தேகம்.

வண்டியை தரையில நிக்க வச்சு அந்த போல்ட்டை லூஸ் பண்ணி திரும்ப டைட் பண்ணா சரியாகுமா, இல்ல ஸ்ட்ரட்டையே கழட்டிப் பாக்கணுமா?