மாமா எதுக்கு நிக்கிறது: நகரசபைக்கா, மாகாணத்துக்கா?

ஸ்காபுறோ மருமகன்:

என்ர மாமா இஞ்ச கனடாவில அரசியலில இறங்கப் போறாராம். கோயில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் எண்டு 20 வருசமா ஓடித்திரிஞ்ச மனுசன். சிலர் வாற 2026 ஒக்டோபர் 26 ரொறன்ரோ நகரசபைத் தேர்தலில நில்லுங்கோ எண்டினம். வேற சிலர், "குப்பைக்கும் றோட்டுக்கும் பதில் சொல்லவே போறீர்? பேசாமப் பொறுத்திருந்து நேரா குயீன்ஸ் பார்க்குக்கு, ஒன்ராறியோ மாகாணசபைக்குப் போம்" எண்டு ஏத்திவிடினம். மாமி ரெண்டும் வேண்டாம் எண்டுறா. தேர்தல் வேலை செய்த ஆக்கள் ஆராவது இருந்தாச் சொல்லுங்கோ.

கதவுதட்டி:

தம்பி, மாமி சொல்றதைக் கேட்டாச் சோலியில்லை. ஆனா மாமா கேக்க மாட்டார்.

நான் ஒருநாளும் வேட்பாளரா நிக்கேல்லை. மூண்டு நகரசபைத் தேர்தல், ரெண்டு மாகாணத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டுக் கதவு தட்டினவன். அதே கதவுதான், ஆனா திறக்கிற முகம் வேற. மாகாணத் தேர்தலில கையில இருக்கிற நோட்டீசின்ர கட்சி நிறம் நீலமோ சிவப்போ எண்டு பாத்தே பாதிப்பேர் முடிவெடுத்திடுவினம். நகரசபைக்கு நிறம் கிடையாது. ஒன்ராறியோவில அந்த வாக்குச்சீட்டில கட்சிப் பேரே வராது. அதால சனம் கேக்கிற முதல் கேள்வி, "நீர் ஆர்?"

ஒரு வீட்டில வயசு போன இத்தாலிய மனுசி ஒண்டும் பேசாமச் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னை றோட்டுக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா. பனி வழிக்கிற வண்டி இடிச்சு, அவவின்ர டிரைவ்வே வாயில கரைக்கல்லு உடைஞ்சு கிடக்கு. படம் எடுத்தன், கொப்பியில விலாசம் எழுதினன், "எங்கட ஆள் வெண்டாச் செய்வார்" எண்டு சொன்னன். எங்கட ஆளும் வெண்டார். நாலு வருசத்தால அதே கதவைத் தட்டினன். மனுசி என்னைப் பாத்தா, ஒண்டும் சொல்லேல்லை, செருப்பைத் தேடினா. எனக்கு விளங்கிட்டுது.

கவுன்சிலர் வேலை அதுதான். அந்தக் கல்லை மாமாவால ஞாபகம் வச்சிருக்க ஏலுமெண்டா நகரசபைக்கு நிக்கட்டும். மேல போறதுக்கும் அந்தக் கொப்பிதான் முதல். லோகன் கணபதி 2006இல மார்க்கம் நகரசபைக்குப் போனவர். 12 வருசம் அங்க இருந்திட்டுத்தான் 2018இல மார்க்கம்-தோர்ண்ஹில் தொகுதியில வெண்டு குயீன்ஸ் பார்க்குக்குப் போனவர். றேமண்ட் சோ 1991இல கவுன்சிலரா வந்தவர். மாகாணசபைக்குப் போனது 2016 இடைத்தேர்தலில, 79 வயசில! உங்கட மாமாவுக்கு அவசரமே இல்லை.

ஆனா ஒண்டை மறக்க வேண்டாம். அரசியலமைப்பின்படி நகரசபை மாகாணத்தின்ர தொழுவத்தில கட்டின மாடு. 2018 ஜூலை 27, நகரசபைக்கு வேட்புமனு முடியிற நாள். அண்டைக்குத்தான் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் ரொறன்ரோ சபையை 47 இடத்தில இருந்து 25 ஆக்கப்போறன் எண்டு அறிவிச்சார். அவரே நாலு வருசம் அந்தச் சபையில இருந்தவர், 2014இல மேயருக்கு நிண்டு தோத்தவர், அதையும் சொல்லத்தானே வேணும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல 5க்கு 4 எண்ட கணக்கில மாகாணம் வெண்டது.

அதில அடிபட்ட எங்கட தமிழ் ஆள் நீதன் சாண். 2016இல மாகாண இடைத்தேர்தலில றேமண்ட் சோவிட்டத் தோத்தார். சோ மேல போனதால காலியான அதே கவுன்சிலர் இடத்தை 2017 பெப்ரவரியில பிடிச்சார். அடுத்த வருசம் வட்டாரம் பெருத்துப் போச்சு, அவர் தோத்திட்டார்.

நீலப்பலகை:

கதவுதட்டி அண்ணை சொல்றது சரி, ஆனா ஏணி ஒருபக்கம் மட்டும் போறேல்லை. பற்றிக் பிறவுணைப் பாருங்கோ. 2000இல பரி நகரசபை, 2006இல ஒட்டாவாப் பாராளுமன்றம், 2015இல மாகாணக் கொன்சவேட்டிவ் தலைவர். 2018 ஜனவரியில தலைமையை விட்டார், அதே ஒக்டோபரில பிரம்டன் மேயர். ஜோன் ரோறியும் முதல் மாகாணக் கட்சித் தலைவர், பிறகுதான் ரொறன்ரோ மேயர்.

மாகாணத்துக்கு நிக்கிறதெண்டா பொதுத்தேர்தலுக்கு முதல், வேட்பாளர் ஆரெண்டு கட்சிக்குள்ள ஒரு தேர்தல் இருக்கு. தொகுதியில அங்கத்தவர் சேக்க வேணும், அவையை வாக்குப் போடக் குளிருக்குள்ள ஏத்தி இறக்க வேணும். இவ்வளவும் செய்தாப் பிறகு தலைமை தன்ர ஆளை நேரா நியமிச்சாலும் நியமிக்கும். நான் வேலை செய்த ஒருத்தருக்கு அப்பிடித்தான் நடந்தது. அடிச்ச தேர்தல் பலகையெல்லாம் இப்பவும் என்ர கராஜில கிடக்கு. தக்காளிக்குக் கம்பு நடுறது அதிலதான்.

வெண்டாலும் பின்வரிசையில இருந்து கொறடா சொன்ன பக்கம் கை தூக்க வேணும். கோயில் கூட்டத்தில உங்கட மாமா அப்பிடிக் கை தூக்கிற ஆளோ?

ஸ்காபுறோ மருமகன்:

கோயில் கூட்டத்தில மூண்டு தரம் வெளிநடப்புச் செய்தவர் :) கட்சி சரிவராது போல. காசு விசயம் எப்பிடி?

கதவுதட்டி:

கவுன்சிலருக்கு மனுக் கட்டணம் 100 டொலர். 25 வாக்காளரின்ர கையெழுத்து வேணும். கொம்பனிக் காசோலை வாங்கக் கூடாது, அதைக் கடைக்கார நண்பர்மாருக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. தோத்தாலும் கணக்கறிக்கையை நாளுக்குள்ள குடுக்க வேணும். குடுத்தா 100 டொலர் திரும்பி வரும், குடுக்காட்டி அடுத்த தேர்தலிலயும் நிக்க ஏலாது. தோத்த கவலையில இதை விட்டவை நிறையப் பேர்.

ஸ்காபுறோ மருமகன்:

எல்லாத்தையும் மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினன். நகரசபை எண்டு முடிவாம், கொப்பியும் வாங்கியாச்சு. மாமி குசினிக்குள்ள இருந்து, "அந்த 25இல என்ர கையெழுத்து இல்லை, வேற ஆளைப் பாருங்கோ" எண்டுறா. பிறகு வந்து, எங்கட வீட்டு முன்வாசல் லைட்டுக் கம்பம் ரெண்டு மாசமா எரியேல்லை, முதல் பக்கத்தில எழுதுங்கோ எண்டு சொல்லிட்டுப் போறா.