வெள்ளிப் பொருளைப் படம் எடுத்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கொலுசுக்காரன், சேலம்

செவ்வாய்ப்பேட்டையில எங்களுக்குக் கொலுசு வியாபாரம். டிசைன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாத்தான் வெளியூர்க் கடைக்காரங்க ஆர்டர் போடுவாங்க. தங்கம்னா கறுப்பு வெல்வெட்டில் வெச்சு எடுத்தாலே எடுப்பா இருக்கும். வெள்ளி அப்படி இல்லை. கறுப்புத் துணியில் வெச்சா அந்தக் கறுப்பையே வாங்கிக்கிட்டுப் பாதிக் கொலுசு இருட்டாயிடும். மேலே இருக்கிற ட்யூப்லைட் வேற ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு வெள்ளைக் கோடு போடும். சலங்கை மணி இன்னும் மோசம். அத்துனூண்டு மணிக்குள்ள ஜன்னல், அலமாரி, கல்லாப்பெட்டி, போனைப் பிடிச்சிருக்கிற கை எல்லாம் உட்கார்ந்திருக்கும். தம்பி போனுக்கு ஒரு சிவப்புக் கவர் போட்டிருந்தான். படத்தைப் பார்த்துட்டு, "கல் வெச்ச கொலுசா?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

இப்ப வெயில் நேரா விழாத ஜன்னலோரம் மேசையைப் போட்டு, ஜன்னலுக்கு வெள்ளை வேட்டியைக் கட்டிடுவோம். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை. கடை விளக்கு அத்தனையும் ஆஃப். போனைக் கிட்டக் கொண்டுபோகாம, நாலடி தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுக்கிறோம். தள்ளிப் போகப் போக மணிக்குள்ள நம்ம உருவம் சுருங்கிடுது. ஃப்ளாஷ் பக்கமே போறதில்லை.

நடமாடும் ஸ்டுடியோ

அண்ணா, உங்க வேட்டி கொலுசுக்குச் சரி. சொம்பு, குடம், சந்தனக் கும்பான்னு உருண்டையா வந்தா அது பத்தாது. தாம்பாளம் தட்டை. ஒளி விழுந்த கோணத்திலேயே திரும்பும்கிறதால, கேமராவிலிருந்து பார்க்கும்போது அறையோட எந்த இடம் தட்டுக்குள்ள தெரியுதோ அங்க மட்டும் ஒரு பெரிய வெள்ளை அட்டையை நிறுத்தினா வேலை முடிஞ்சது. சொம்போட வயிறு கூரை உட்பட அறை முழுசையும் காட்டும். அதனால சுத்தி ட்ரேசிங் பேப்பர்ல ஒரு கூடாரம், விளக்கு ரெண்டும் வெளியே, லென்ஸ் எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை.

இதோட நிறுத்திக்கிறவங்க நிறையப் பேர். படத்தைப் பார்த்தா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஒரு சொம்பு இருக்கும். அலுமினியமா பிளாஸ்டிக்கான்னு சந்தேகம் வரும். பக்கத்திலேயே கறுப்பு இருந்தாத்தான் கண்ணுக்குப் பளபளப்பே தெரியும். நான் கறுப்பு சார்ட் பேப்பரை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, சொம்புக்கு இடமும் வலமும், ஃப்ரேமில் விழாத இடமாப் பார்த்து நிறுத்துவேன். உடனே விளிம்போரமா ஒரு கறுப்புக் கோடு ஓடும், சொம்பு திரண்டு நிக்கும். பட்டையை முன்னால் நகர்த்தினா கோடு வயித்துப் பக்கம் வரும், பின்னால் தள்ளினா விளிம்போட ஒட்டிக்கும். ஒரு சொம்புக்கு என் நேரமெல்லாம் இந்த ரெண்டு காகிதத்தை நகர்த்துறதிலேயே போகுது. வாடிக்கையாளருக்கு இது புரியாது, "கிளிக் பண்ண இவ்வளவு நேரமா?"ம்பாங்க.

லென்ஸ் ஓட்டைதான் கடைசித் தலைவலி. என்ன செஞ்சாலும் வயித்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (நெருக்கப் படத்துக்கான லென்ஸ்) போட்டுத் தள்ளி நின்னா புள்ளி சிறுசாகும். கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினா அது சொம்போட தோளுக்கு ஏறும். அங்க பூவேலை ஓடுதுன்னா அதுக்குள்ள மறைஞ்சே போயிடும். வெறும் சொம்புன்னா ஃபோட்டோஷாப்தான்.

புதுசு

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பிரதிபலிப்பை வெட்டுற போலரைசர் ஃபில்டர் ஒண்ணு லென்ஸில் மாட்டித் திருகினா போதும்னு கடையில் சொன்னாங்களே?

நடமாடும் ஸ்டுடியோ

தண்ணி, கண்ணாடி, வார்னிஷ் அடிச்ச மேசைன்னா அது வேலை செய்யும். அதுங்க மேல பட்டுச் சாய்வாத் திரும்புற ஒளி ஒரே தளத்தில் அதிரும், ஃபில்டர் அதை வடிகட்டிடும். வெறும் உலோகத்தில் பட்டுத் திரும்புற ஒளி அப்படி ஒழுங்குபடாது. ஒண்ணரை, ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் போனா வெளிச்சம் பாதியாகும்) போறதுதான் மிச்சம். விளக்கு முன்னாலயும் போலரைசிங் ஃபிலிம் ஒட்டி, லென்ஸில் குறுக்கா ஃபில்டர் போட்டா, விளக்கோட பிரதிபலிப்பு நிஜமாவே அணைஞ்சிடும். கூடவே வெள்ளியும் ஈயம் மாதிரிச் செத்துப்போகும். எனாமல் வேலை இருக்கிற நகைக்கு அந்த வண்ணத்தைக் காட்ட நான் இதைப் பயன்படுத்தியிருக்கேன். வெறும் வெள்ளிக்கு வேண்டாம்.

நாணயப் பெட்டி

என் பிரச்சினை வேறு. என்னிடம் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள். 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. 1911-இல் வந்த ரூபாயில் அரசரின் மேலங்கியில் இருக்கும் குட்டி யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பியது. 1912-இல் அச்சைத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் அந்த 1911 ரூபாயைப் 'பன்றி ரூபாய்' என்பார்கள். வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தத் துதிக்கையின் நெருக்கப் படத்தைத்தான். கூடாரத்துக்குள் வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், புடைப்பே தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் காசின் ஒரு பாதி எரியும், மறுபாதி இருளும்.

எனக்குக் கைகொடுத்தது பழைய போட்டோ ஃப்ரேமிலிருந்து கழற்றிய கண்ணாடி. காசுக்கு நேர் மேலே கேமரா, இரண்டுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்வாகக் கண்ணாடி, பக்கவாட்டில் விளக்கு. கண்ணாடியில் பட்ட ஒளி நேராகக் காசின் மேல் இறங்கி, திரும்பி அதே வழியில் கண்ணாடியைத் துளைத்து லென்ஸுக்கு வருகிறது. விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை கட்டாயம். இல்லையென்றால் எதிர்ச்சுவர் படத்தில் மங்கலாகப் படியும். விளக்கின் ஒளி நேராகக் காசில் படாமலும் ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள். தட்டையான இடமெல்லாம் வெளுத்து, எழுத்தின் சரிவுகள் கறுத்து, துதிக்கை தனியாகத் தெரியும்.

இன்னொன்று. படத்துக்காக வெள்ளி நாணயத்தைத் தேய்க்காதீர்கள். காற்றிலுள்ள கந்தகத்தால் படிந்த அந்தக் கறுப்பு போனால் விலையும் போய்விடும்.

விளக்குக் கடை அக்கா

நாணயத்துக்குத்தான் அந்தச் சட்டம். காமாட்சி விளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் தேய்க்காம எடுத்தா யார் வாங்குவா? நாங்க திருநீறு போட்டுத் தேய்ச்சுக் காட்டன் துணியில துடைச்சுடுவோம். அப்புறம் வெறுங்கையில தொடுறதில்லை. விரல் ரேகை நேர்ல தெரியாது, படத்தைப் பெருசு பண்ணினா பூதம் மாதிரி நிக்கும்.

பளபளப்பு மங்க ஹேர்ஸ்ப்ரே அடிங்க, ஃப்ரிட்ஜில் வெச்சு ஆவி பூக்க விட்டு எடுங்கன்னு சில பேர் யோசனை சொல்றாங்க. பளபளப்பை விக்கிறவ அதை எதுக்கு மறைக்கணும்? கேமராவை ஆட்டோவில் விட்டா வெள்ளைக் கூடாரத்தைப் பார்த்துட்டு எல்லாத்தையும் சாம்பல் நிறமாக்கிடுது, அதனால எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்தி வெச்சுக்கிறேன். ஃபோகஸ் வெறும் பரப்பில் வெச்சா உள்ளே தெரியற பிம்பத்தைப் பிடிச்சுக்கும். விளக்கில் செதுக்கின கோலத்து மேல வைங்க. எடுக்கிறப்போ மஞ்சள் சேலை வேண்டாம், விளக்கே பித்தளை ஆயிடும்.

ஆனா இதெல்லாம் செஞ்சு அனுப்பின படத்தைப் பார்த்துட்டு ஒரு அம்மா, "கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?"ன்னு கேட்டாங்க. அதுலேருந்து விளக்கைக் கையில வெச்சுத் திருப்பிக் காட்டுற ஒரு குட்டி வீடியோவும் சேர்த்தே அனுப்புறேன். அதுல என் முகம், ஃபேன், எதிர்வீட்டு மாடி எல்லாம் ஓடும். ஆர்டர் அதைப் பார்த்துத்தான் வருது.