மானிய விண்ணப்பத்தில் ஒரு சிக்கல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவில், பூர்வகுடிப் பகுதியொன்றில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் துணைநிற்கும் சிறு மையத்தில் கணக்கு எழுதுகிறேன். அரசின் நீதித்துறை அமைச்சகம் தரும் மானியத்துக்கு விண்ணப்பிக்கிறோம். மாற்றுடை, பெட்ரோல் செலவெல்லாம் எழுதியாகிவிட்டது. தடயப் பரிசோதனை செய்யும் செவிலியரிடம் போகவே இரண்டு மணி நேரம் ஆகிறது. போலீசில் புகார் தராதவருக்கும் அந்தப் பரிசோதனை இலவசம் என்பது இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது.

நான் தடுமாறுவது, சென்ற ஆண்டு யார் யாருக்கு உதவினோம் என்ற பகுதியில்தான். மானியம் பெறும் அமைப்புகள், தங்களிடம் உதவி பெற்ற எவருடைய அடையாளத்தையும் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம். 300 பேர் வாழும் ஊரில் வயதையும் மாதத்தையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடுமே! எண்ணிக்கையை எப்படித் தொகுத்துக் காட்டுவது? இத்தகைய விண்ணப்பம் எழுதிய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.