ஃப்ளட்டர்: லிஸ்ட்வியூக்குள் இரு விரல் ஜூம் நழுவுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பில், லிஸ்ட்வியூ என்ற நகரும் பட்டியலுக்குள், பெரிதாக்கிப் பார்க்க உதவும் இன்டராக்டிவ்வியூவரில் ஒரு வரைபடம். இரண்டு விரலால் விரித்தால் பெரிதாக வேண்டும். பாதி நேரம் பட்டியல்தான் நகர்கிறது.

காரணம் தெரிகிறது. விரல் மேலோ கீழோ 18 லாஜிக்கல் பிக்சல் நகர்ந்தாலே பட்டியலின் வெர்டிகல் டிராக் (மேல்-கீழ் இழுப்பைக் கண்டறியும் பகுதி) தொடுகையைப் பிடித்துக்கொள்கிறது. ஜூமைக் கண்டறியும் ஸ்கேல் ரெகக்னைசரோ இழுப்புக்கு 36 வரை காத்திருக்கிறது. இரண்டாவது விரல் வருவதற்குள் தொடுகை யாருக்கு என்ற போட்டி முடிந்துவிடுகிறது.

தொடுகைகளைக் கவனிக்கும் லிஸனர் வைத்து விரல்களை எண்ணி, இரண்டானதும் பட்டியலை நகரவிடாத நெவர்ஸ்க்ரோலபிள் பிசிக்ஸ் கொடுத்தாயிற்று. இரு விரலும் ஒன்றாகப் பதிந்தால் சரி. முதல் விரல் சற்று நகர்ந்திருந்தால் பலிக்கவில்லை.

ரா ஜெஸ்ச்சர் டிடெக்டரில் (சொந்த ரெகக்னைசரைச் சேர்க்க உதவும் விட்ஜெட்) சொந்த ரெகக்னைசர் எழுதி, இரண்டாவது விரல் பட்டவுடன் ஏற்கச் செய்தவர்கள் உண்டா? முதல் விரல் ஏற்கெனவே பட்டியலிடம் போயிருந்தால் அதை எப்படி மீட்டீர்கள்? ஒரு விரல் ஸ்க்ரோல் கெடவே கூடாது. நிரல் துணுக்கு இருந்தால் பெரிய உதவி.