புக்கெட்டில் இறங்குவதா, கப்பலிலேயே இருந்துவிடுவதா?

ஸ்ரீரங்கத்து மருமகள்

ஜூன் முதல் வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் நான்கு இரவுப் பயணம் பதிவு செய்திருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், மாமியார். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, வலது முழங்காலில் தேய்மானம், கைத்தடியோடு மெதுவாக நடப்பார், படி என்றால் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொன்றாகத்தான் இறங்குவார். முதலில் பினாங்கு, மறுநாள் புக்கெட். பினாங்கில் பிரச்சினை இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கப்பலைக் கட்டுவார்களாம், வெளியே வந்தால் ஜார்ஜ் டவுன், பக்கத்திலேயே லிட்டில் இந்தியா, மாரியம்மன் கோயில், இட்லி கிடைக்கும். அத்தைக்கு அது போதும்.

குழப்பமே புக்கெட்தான். கப்பல் பட்டோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நிற்கும், சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோய் விடுவோம் என்று போட்டிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பும். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் நான்கு பேர் போனால் ஆகும் பணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இவ்வளவு தூரம் போய்விட்டு தாய்லாந்து மண்ணை மிதிக்காமல் திரும்புவதா என்கிறார் கணவர். எனக்கோ அன்று கப்பலிலேயே நிம்மதியாக இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அப்புறம் ஊருக்கு வந்து புலம்பவும் கூடாது. போனவர்கள் யாராவது சொல்லுங்கள். "சூப்பர் இடம், மிஸ் பண்ணாதீங்க" என்று மட்டும் எழுதாதீர்கள், அது யூடியூபிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

கடல்நாரை

கப்பலில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புக்கெட் நல்ல இடமா என்பதை ஓரமாக வையுங்கள், உங்கள் விஷயத்தில் முடிவெடுக்கப் போவது அந்தச் சின்னப் படகுதான்.

டெண்டர் என்பார்கள். பெரும்பாலும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் உயிர்காப்புப் படகையே இறக்கி ஓட்டுவார்கள். கப்பலின் கீழ்த்தட்டில் ஒரு கதவு திறக்கும், அதற்கு வெளியே ஒரு மேடை, மேடைக்கும் படகுக்கும் நடுவே ஓர் அடி வைக்க வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் ஒன்றுமே இல்லை, பேருந்து ஏறுவதை விடச் சுலபம். அலை இருந்தால் படகு மேலும் கீழும் போகும், ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், "இப்போது" என்று சொன்னதும் காலை வைக்க வேண்டும். உங்கள் அத்தை பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அந்த இடத்தில் அவகாசம் தர மாட்டார்கள், தரவும் முடியாது. போகும்போது ஒருமுறை, கரையில் இறங்க ஒருமுறை, திரும்ப இரண்டுமுறை. வெயிலில் அலைந்து களைத்த பிறகு வருவதுதான் கடைசி இரண்டும்.

அடுத்தது மாதம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடல் குளம் மாதிரி கிடக்கும். நீங்கள் போவது ஜூன். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, பட்டோங் மேற்குக் கரை, காற்று நேராக அதன் முகத்தில் அடிக்கும். கப்பல் நின்ற பிறகும் கேப்டன் கடலைப் பார்த்துவிட்டு "இன்று டெண்டர் இல்லை" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அவ்வளவுதான், யாரும் இறங்க முடியாது. காலையில் இறக்கிவிட்டுப் பிற்பகலில் அலை ஏறிவிட்டால் திரும்பி ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், வரிசை கரையிலே நீண்டு நிற்கும்.

தீவின் தென்கிழக்கில் ஆவ் மாக்காம் என்ற இடத்தில் ஆழ்கடல் துறைமுகம் இருக்கிறது, சில கப்பல்கள் அங்கே துறையிலேயே கட்டும், நடந்தே இறங்கலாம். உங்கள் பயணத்தாளில் பட்டோங் என்று இருந்தாலும் பருவத்தைப் பார்த்துக் கடைசி நேரத்தில் மாற்றக்கூடும். ஏறியதும் வரவேற்பு மேசையில் கேளுங்கள்: டெண்டரா, துறையா? துறை என்றால் அத்தையையும் கூட்டிப் போங்கள். டெண்டர் என்றால் அத்தை கப்பலில்.

ஜூரோங் அண்ணாச்சி

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் நான்கு பேரும் ஒன்றாகவே போக வேண்டும், இல்லாவிட்டால் நான்கு பேரும் கப்பலில் உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? நம் ஆட்களிடம் இது ஒரு வியாதி.

நேரக் கணக்கை முதலில் பாருங்கள் தங்கச்சி. பத்து முதல் ஆறு என்றால் எட்டு மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். தாய்லாந்து அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி கொடுத்த பிறகே படகு விடுவார்கள், அதற்கு டோக்கன், கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் முதலில், பெரிய அறைக்காரர்கள் அடுத்து, அப்புறம்தான் நாம். கரையில் கால் வைக்கும்போது பதினொன்றரை ஆனாலும் ஆச்சரியமில்லை. மாலை கடைசிப் படகு கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ரொம்ப முன்பாகவே கரையை விட்டுவிடும். நடுவில் கிடைப்பது நாலு மணி, நாலரை மணி.

இன்னொரு பொறி: தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், ஆனால் உங்கள் கைபேசி கரையில் சிக்னல் கிடைத்ததும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்குப் போய்விடும். கப்பல் நேரத்தில் இருக்கும் ஒரு கைக்கடிகாரம் கட்டாயம் வேண்டும். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், நாமாகப் போய்த் தாமதமானால் கையசைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் தீவின் வடகோடி விமான நிலையத்துக்குப் போய் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

அந்த நாலு மணியில் எதைப் பார்ப்பது? ஃபி ஃபி தீவு, மாயா பே எல்லாம் மறந்துவிடுங்கள், வேகப்படகில் போக மட்டும் ஒரு மணி நேரம், அதுவும் ஜூன் அலையில் முதுகு கழன்றுவிடும். புக்கெட் பழைய நகரம் அழகுதான், ஈயச் சுரங்கக் காலத்துச் சீனர்கள் கட்டிய வரிசைக் கடைவீடுகள், வண்ணமடித்த முகப்புகள். ஆனால் நீங்கள் முந்தின நாள்தான் ஜார்ஜ் டவுன் பார்த்திருப்பீர்கள், அதே குடும்பத்துப் பிள்ளைதான் இது, இரண்டாவது முறை பார்க்க மலையேறி இறங்கிப் போக வேண்டாம். மலை மேலே நாற்பத்தைந்து மீட்டர் உயரப் புத்தர் இருக்கிறார், 2024 ஆகஸ்டில் அந்த மலைச்சரிவில் மண் சரிந்து பலர் இறந்த பிறகு அந்த இடத்தை மூடினார்கள், போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் கணவரும் பையனும் வாட் சலோங் கோயிலுக்குப் போய்வரட்டும். நேர்த்திக்கடனாகச் செங்கல் சூளை மாதிரி ஒன்றுக்குள் சரவெடி கொளுத்துவார்கள், ஒன்பது வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்? முட்டியும் தோளும் மூடிய உடுப்பு போதும். பட்டோங்கில் டுக்டுக்காரர்கள் மீட்டர் போட மாட்டார்கள், கூட்டம் வரும் நாளில் விலையும் ஏறும். கிராப், போல்ட் என்ற டாக்ஸி செயலிகள் இரண்டும் அங்கே வேலை செய்யும், அதில் விலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடலில் மட்டும் இறங்க வேண்டாம். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் முழங்கால் தண்ணீரிலும் நிற்காதீர்கள், இந்த மாதங்களில் உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் ஆட்கள் போவது வழக்கமாகிவிட்டது. ஜெட் ஸ்கீ வாடகையும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கும்போது கீறலைக் காட்டிக் காசு கேட்கும் ஏமாற்று பட்டோங்கில் பிரசித்தம். கஞ்சா இலைப் படம் போட்ட மிட்டாய், பிஸ்கெட் எதையும் வாங்கிவிடாதீர்கள், சிங்கப்பூரில் திரும்பி இறங்கும்போது அதற்கு விளையாட்டே கிடையாது.

கோவை சோம்பேறி

நான் எதிர்க்கட்சி. எல்லாரும் கரைக்குப் போன நாளில் கப்பலில் இருந்து பாருங்கள். நீச்சல்குளம் காலி, வெந்நீர்த் தொட்டி காலி, லிஃப்ட் அழைத்தவுடன் வரும், பஃபேயில் தோசை ஊற்றுகிறவர் நம்மிடம் ஊர்க்கதை பேசுவார். காசு கொடுத்த கப்பலை அன்றுதான் முழுதாக அனுபவிக்கிறோம். பட்டோங் என்பது ஒரு கடற்கரை, பின்னால் ஒரு மால், அதற்குப் பின்னால் பகலில் தூங்கிக்கொண்டிருக்கும் மதுக்கடைத் தெரு. மெரினாவில் நடந்தவனுக்கு அதில் பெரிய புதுமை இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழவேண்டும் என்பதற்காக மட்டும் அத்தையைப் படகில் ஏற்றாதீர்கள்.

கல்வெட்டுப் பித்தன்

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். புக்கெட்டுக்கு வடக்கே தகுவா பா என்ற ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற பெயரில் குளம் தோண்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவின் காவலில் விட்ட செய்தி அதில் இருக்கிறது. அவனிநாரணன் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். நம் வணிகர்கள் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அங்கே குளம் வெட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் நாலு மணி நேரத்துக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறோம். அந்த ஊர் கப்பல் பயணிகளுக்கு எட்டாது, ரொம்ப தூரம். ஆனால் அங்கே கண்டெடுத்த பெரிய திருமால் சிலை புக்கெட் தீவிலேயே தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத்தின் வேர் பிடித்து வளைத்துக் கிடந்த சிலைகள். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

ஜூரோங் அண்ணாச்சி

பித்தன் சார், சிலை நல்ல சிலைதான், ஆனால் பட்டோங்கிலிருந்து தீவின் நடுப்பகுதி வரை போக வேண்டும், வாட் சலோங் தெற்கே, இது வடக்கே. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பையனிடம் வெடியா, பெருமாளா என்று கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்து மருமகள்

எல்லாருக்கும் நன்றி. கணவரிடம் வாசித்துக் காட்டினேன், சரவெடி என்றதும் பையனை விட அவர்தான் துள்ளினார். கப்பல் நிறுவனத்துக்குப் போன் செய்தேன், இப்போதைக்கு டெண்டர்தான் என்கிறார்கள். நானும் அத்தையும் கப்பலில், அவர்கள் இருவரும் கரைக்கு. ஆவ் மாக்காம் என்று மாறினால் எல்லாரும் போகிறோம், அப்போது பெருமாளா வெடியா என்று அத்தை முடிவு செய்யட்டும். பித்தன் சாருக்கு அங்கே ஓர் ஓட்டு உறுதி.

இரண்டு கேள்வி மிச்சம். இறங்காதவர்களுக்கும் விசா விஷயம் பார்க்க வேண்டுமா? இவர்கள் இருவருக்கும் சைவச் சாப்பாடு கிடைக்குமா, கப்பலிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமா?

கடல்நாரை

விசா பார்க்கத்தான் வேண்டும். வழியில் உள்ள எல்லா நாட்டுக்கும் தகுதி இருந்தால்தான் ஏறவே விடுவோம் என்ற விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு, நீங்கள் கேபினை விட்டு வெளியே வராவிட்டாலும். 2023 கடைசியில் மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தன, ஆனால் இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் மாதத்தில் மறுபடி பாருங்கள். இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம் இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக உண்டு, கப்பல் பயணிகளுக்கு எது பொருந்தும் என்று நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதாக இருக்க வேண்டும், திரும்பி வந்து அங்கேதானே இறங்குகிறீர்கள்.

சமைத்த சாப்பாடு, பழம் எதையும் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், உறை பிரிக்காத பிஸ்கெட் என்றால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். பட்டோங்கில் இந்திய உணவகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தாய்க் கடையில் சாப்பிட ஆசை என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடையைப் பார்த்து "ஜே" என்று சொல்லச் சொல்லுங்கள், மீன் சாறு கூடச் சேர்க்க மாட்டார்கள். "வெஜிடபிள்" என்று மட்டும் கேட்டால் காய்கறி வரும், மீன் சாறும் கூடவே வரும்.

பாஸ்போர்ட் பெரும்பாலும் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உங்கள் கணவரிடம் நகல் ஒன்றும், துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும், அந்த எண் அன்றன்று அறைக்கு வரும் தாளிலேயே இருக்கும்.

கோவை சோம்பேறி

மருமகளே, காலை பதினொரு மணிக்கு மேல் நீச்சல்குளத்தின் நிழல் பக்க நாற்காலியைப் பிடித்துவிடுங்கள், அத்தைக்குக் காலை நீட்டிக்கொள்ள வசதி.