மஞ்சள் லாப்ரடோர் குட்டிக்கு என்ன பெயர்: வள்ளியா, நிலாவா, பெல்லாவா?

கல்லடி மகள்: எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு லாப்ரடோர் குட்டி வந்திருக்கிறது. பெட்டைக்குட்டி, எட்டுக் கிழமை, மஞ்சள் நிறம். வந்த நாளிலிருந்து வீட்டில் பெயர்ச் சண்டைதான். அப்பா வள்ளி என்கிறார். என் மகளுக்கு நிலா வேண்டுமாம். கொழும்பில் இருக்கிற தம்பி போனிலேயே பெல்லா என்று முடிவு செய்துவிட்டான். திங்கட்கிழமை தடுப்பூசி, அட்டையில் பெயர் எழுத வேண்டும். உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

மண்டூரான்: தங்கச்சி, வள்ளி மட்டும் வேண்டாம். நான் முருகன் கோயில் மணி கேட்டு வளர்ந்தவன். நாளைக்குக் குட்டி செருப்பைக் கடிக்கும், "ஏய் வள்ளி, போ வெளியே" என்று கத்துவீர்கள். அது விளக்கு வைக்கிற நேரமாக இருந்தால் அம்மாவின் மனம் என்ன பாடுபடும்?

பாண்டிருப்பு அக்கா: தம்பி, நாயை அவ்வளவு கீழே வைக்காதீர்கள். எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்தவள் நான். தம்பிமாரும் திரௌபதையும் வழியில் விழுந்த பிறகு தருமரோடு கடைசி மட்டும் நடந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றபோது, எனக்கு அந்தச் சொர்க்கமே வேண்டாம் என்றார் அவர். பைரவருக்கு வாகனமும் நாய்தானே.

மண்டூரான்: நாய் இழிவு என்று நான் எங்கே சொன்னேன் அக்கா? எங்கள் வளவில் இரண்டு நிற்கின்றன. நான் சொல்வது, தெய்வத்தின் பெயரை ஏசுகிற வாயால் கூப்பிடக் கூடாது என்பதுதான். தருமரோடு போன அந்த நாய்க்குக் கதையில் பெயரே இல்லை, கவனித்தீர்களா?

வாழைச்சேனைத் தம்பி: நான் மூன்று லாப்ரடோர் வளர்த்தவன், அனுபவத்தில் சொல்கிறேன். பெயர் சின்னதாக இருக்க வேண்டும். உயிரெழுத்து ஓசையில் முடிந்தால் தூரத்துக்கும் கேட்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், நாம் ஏவுகிற சொல்லோடு அது குழம்பக் கூடாது. நிலா அழகான பெயர்தான். ஆனால் "நில்" என்று சொல்லிப் பழக்கும்போது குட்டி பாவம். வாணி, வாசுகி எல்லாம் "வா" போலவே தொடங்கும். ஆங்கிலத்தில் பழக்குகிறவர்களுக்கும் இதே கதைதான், ஜோ என்று வைத்துவிட்டு "நோ" என்றால் அது என்ன செய்யும்? பெல்லா நல்ல பெயர், வையுங்கள். ஒழுங்கையில் யாருக்கும் அந்தப் பெயர் இருக்காது, யாருக்கும் நோகாது.

பாண்டிருப்பு அக்கா: யாருக்கும் நோகாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் டைகர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு டைகரும் ஜிம்மியும்தான், யாரும் யோசித்து வைத்ததில்லை. 1990இல் எனக்குப் பதினொரு வயது. ஒருநாள் மாலை படலையில் நின்று "டைகர், டைகர்" என்று கூப்பிட்டேன். அப்பா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். வீதியில் ஆட்கள் நின்றார்கள். அவருடைய உள்ளங்கை நடுங்கியதை இன்றைக்கும் என் உதட்டில் உணர்கிறேன். அன்றிலிருந்து அந்தப் பெயரை நாங்கள் சொல்லவில்லை. தகரக் கோப்பையில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவோம், வரும். சாகும் வரைக்கும் அதுதான் அதற்குப் பெயர். பிறமொழிப் பெயருக்கு அர்த்தம் இல்லை, பாரம் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

வாழைச்சேனைத் தம்பி: அக்கா, அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மன்னியுங்கள். பெல்லாவை விட்டுவிடுகிறேன். நில், நிலா விஷயத்தில் மட்டும் விடமாட்டேன்.

கல்லடி மகள்: அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். தம்பி, எங்கள் வீட்டில் தமிழில்தான் பழக்குவோம். "நில்", "இரு" என்றுதான் அப்பாவும் சொல்வார். வாவிக்கரையில் முதலைப் பயமும் இருக்கிறது, "நில்" என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் மகளிடம் எப்படிச் சொல்வது?

வாழைச்சேனைத் தம்பி: முதலையை இலேசாக எடுக்காதீர்கள். இது தண்ணீரைக் கண்டால் நிற்காத சாதி. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீன்பிடிகாரரோடு வலை இழுத்த நாய்களின் வழி வந்தது. விரல்களுக்கு இடையில் தோல் இருக்கும், காலைத் தூக்கிப் பாருங்கள். சரி, ஒரு பெயர் தோன்றுகிறது: கஜு. மஞ்சள் என்கிறீர்கள், வறுத்த கஜு நிறமாகத்தானே இருக்கும்? எங்கள் பக்கத்து மணலில் விளைகிறது. இரண்டே எழுத்து, எந்த ஏவலோடும் குழம்பாது.

மண்டூரான்: கஜு போர்த்துக்கீசச் சொல் தம்பி. மரமுந்திரிகை என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறதே. முந்திரி என்று வைக்கலாம். பெல்லாவை விட்டுவிட்டுக் கஜுவைப் பிடிப்பது என்ன நியாயம்?

வாழைச்சேனைத் தம்பி: அண்ணா, அந்த மரமே அவர்கள் கொண்டுவந்ததுதான். மட்டக்களப்பில், புளியந்தீவில் 1628இல் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். நானூறு வருடமாக எங்கள் அம்மாமார் சொல்லிச் சொல்லி அது நம்முடைய வாய்ச்சொல் ஆகிவிட்டது. லாப்ரடோர் என்ற பெயரும் போர்த்துக்கீசம்தான். கனடாவில் இருக்கிற லாப்ரடோர் கடற்கரைக்கு லவ்ரடோர் என்ற மாலுமியின் பெயரை வைத்தார்கள். அவர்கள் மொழியில் அதற்கு உழவன் என்று பொருள்.

மண்டூரான்: உழவன் என்றால் அழகுதான். ஆனாலும் முந்திரி.

கல்லடி மகள்: நேற்று மாலை விறாந்தையில் இருந்து மூன்றையும் கூப்பிட்டுப் பார்த்தோம். முந்திரிக்குத் திரும்பவில்லை. நிலாவுக்கு ஒரு காது அசைந்தது. கஜு என்றதும் கால்மிதியை விட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் சாரத்தைப் பிடித்தது. அப்பா வள்ளியைப் பற்றிப் பிறகு பேசவில்லை. மகள்தான் அழுதாள். நமக்கெல்லாம் பதிவுப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இருக்கிறதே, அதற்கும் அப்படி இருக்கக் கூடாதா என்று கேட்டாள். அட்டையில் நிலா என்று எழுதப் போகிறோம், அவளே தன் கையால் எழுதுவாள். வீட்டில் கஜு.

வாழைச்சேனைத் தம்பி: நல்லது அக்கா. சோறு வைக்கும்போதும் தடவும்போதும் பெயரைச் சொல்லுங்கள். ஏசும்போது மட்டும் சொல்லாதீர்கள், பிறகு கூப்பிட்டால் வராது.

மண்டூரான்: எங்கள் வளவில் அடுத்த குட்டி வந்தால் அதற்கு முந்திரி.